அடுப்புக்கல் மாதிரி மூன்று புள்ளி

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து மூணு மாசம் ஆச்சு. ஆபீஸில் ஆணி அதிகம். வீட்டில் மகளுக்குப் பியானோ பரீட்சை. இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்தப் பரீட்சைதான். ஆனால் இந்தக் கதை போய் முடியப்போவது கோவில்பட்டியில். கொஞ்சம் பொறுமையா வாங்க.

பெங்களூர் அப்பார்ட்மென்ட் வாழ்க்கை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஏதாவது ஒரு கிளாஸ் போகாத குழந்தை இங்கே கிடையாது. ஸ்கேட்டிங், அபாகஸ், கீபோர்டு, பரதநாட்டியம். என் மகள் ஏழு வயதில் பியானோ என்று பிடித்தாள், பதிமூன்று வயதாகியும் விடவில்லை. ரெண்டு பெட்ரூம் வீட்டில் டிஜிட்டல் பியானோ ஒன்று, இஸ்திரி போடும் மேஜையைத் துரத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறது. (தங்கமணிக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு.)

இந்தத் தடவை அவள் எடுத்தது ஷோபினின் ஒரு மசூர்கா. ரெண்டே பக்கம். மசூர்கா என்பது போலந்து நாட்டுக் கிராமத்து ஆட்டம். தாளம் மூணு மூணாகப் போகும். மேற்கத்திய சங்கீதத்தில் மூணு எண்ணினால் முதல் எண்ணில்தான் வழக்கமாக அழுத்தம் விழும். மசூர்காவில் அது ரெண்டிலோ மூணிலோ விழும். ஆடுகிறவன் காலை அங்கேதான் தட்டுவான். அந்த அழுத்தத்தைக் காட்ட சுரத்துக்கு மேலே ஒரு சின்னக் கூம்பு போடுவார்கள். கணக்கில் 'இதைவிடப் பெரியது' என்று போடுவோமே, அந்தக் குறி. அதைத்தான் ஆக்சென்ட் என்கிறார்கள்.

டீச்சர் கொடுத்த ஜெராக்ஸில் ஒரு இடத்தில் அந்தக் கூம்பு இருந்தது. சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடையில் நான் வாங்கிவந்த புத்தகத்தில் அதே இடத்தில் கூம்பு மூணு சுரத்துக்கு நீண்டு கிடந்தது. நீளக் கூம்பு என்றால் அர்த்தமே வேறு. 'சத்தத்தைப் படிப்படியாகக் குறை' என்று பொருள். ஒன்று 'தட்டு' என்கிறது, மற்றது 'தேய்ந்து போ' என்கிறது.

"அப்பா, எது கரெக்ட்?"

எனக்குப் பியானோவில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் பொட்டி தட்டுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ரெண்டு ரிப்போர்ட்டில் ரெண்டு நம்பர் வந்தால் சோர்ஸைப் பார் என்பான். நானும் அதையே சொன்னேன். மூணு ராத்திரி தூக்கம் போச்சு :-)

ஷோபின் உயிரோடு இருந்தபோதே (1810–1849) அவருடைய பெரும்பாலான படைப்புகள் மூணு ஊரில் தனித்தனியாக அச்சாகின. பாரிஸில் ஒரு பதிப்பு, ஜெர்மனியில் ஒன்று, லண்டனில் ஒன்று. நாடு விட்டு நாடு செல்லும் காப்புரிமை அப்போது கிடையாது. ஒரு ஊரில் மட்டும் போட்டால் பக்கத்து நாட்டுக்காரன் காசு தராமல் போட்டுவிடுவான். அதனால் மூணு இடத்திலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விற்க வேண்டியிருந்தது. ஒருத்தருக்கு அவர் கைப்பட எழுதியது போகும், ஒருத்தருக்கு நண்பர் பார்த்து எழுதிய நகல், ஒருத்தருக்கு அச்சடித்த திருத்தத் தாள். அவர் இருந்தது பாரிஸில். லெய்ப்சிக்கிலும் லண்டனிலும் அச்சுக்கூடத்தில் நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆளில்லை. அந்த முதல் பதிப்புகளை இன்றைக்குப் பல நூலகங்களிலிருந்து திரட்டி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். மகளும் நானும் மூன்றையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

ஒன்றில் சின்னக் கூம்பு. ஒன்றில் நீளக் கூம்பு. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.

முதலில் 'அட, அச்சடித்தவன் தூங்கிட்டான்' என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் படித்த பிறகு அவன் மேல் பரிதாபம் வந்தது. அந்தக் காலத்தில் இசை அச்சு என்பது உலோகத் தகட்டில் கைவேலை. சுரத்தலை, எழுத்து, எண் எல்லாம் முத்திரை வைத்து அடிப்பார்கள். கோடுகளை உளியால் கீறுவார்கள். அதுவும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாற்றி. அதாவது கூம்பைத் தலைகீழ்ப் பக்கமாகச் செதுக்கினால்தான் தாளில் சரியாக விழும். அப்படி உட்கார்ந்து நாள் முழுக்கக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் எதிரே ஷோபினின் கையெழுத்து.

ஷோபினின் கையெழுத்தில் கூம்பு ரெண்டு வகை மட்டும் இல்லை. குட்டையாக ஒன்று, கொஞ்சம் நீளமாக ஒன்று, அதைவிட நீளமாக ஒன்று. நடுவில் இருப்பதற்கு இன்றைய ஆராய்ச்சியாளர்கள் 'நீண்ட ஆக்சென்ட்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். அழுத்து, ஆனால் வெட்டி விடாதே, அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று பொருள். தகட்டில் செதுக்குகிறவனுக்குத் தெரிந்த குறிகளோ ரெண்டே ரெண்டு. குட்டையானது ஆக்சென்ட், நீளமானது சத்தம் குறைப்பு. நடுவில் இருந்ததை ஒவ்வொருத்தனும் தனக்குப் பட்ட பக்கம் தள்ளிவிட்டான். ஒருத்தன் தட்டு என்று எடுத்துக்கொண்டான், ஒருத்தன் தேய் என்று.

ஷூபர்ட்டுக்கும் இதே தலைவலி உண்டு. அவருடைய பெரிய சி மேஜர் சிம்பொனியின் கடைசிச் சுரத்தை ஓங்கி அடித்து முடிக்கணுமா, தேய்ந்து முடிக்கணுமா என்று ஒரு கூம்பின் நீளத்தை வைத்துச் சண்டை போட்டிருக்கிறார்கள். முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரு கூம்பை நம்பி நிற்கிறது, பாருங்கள்.

போலந்துக்காரர்கள் ஷோபினுக்கு ஒரு தேசியப் பதிப்பு கொண்டுவந்தார்கள். யான் எக்கியர் என்ற பியானோ கலைஞர் பொறுப்பில் பல பத்தாண்டுகள் நடந்த வேலை, 2010இல் முடிந்தது. அதில் அந்த நடுவாந்திரக் கூம்பைத் தனி அளவில் அச்சடித்திருக்கிறார்கள். பெட்டி ரெண்டுதான் இருக்கிறது என்று பொருளை அடைக்காமல், மூன்றாவது பெட்டி செய்திருக்கிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்ல என் வேலையைப் பற்றி ஒரு வரி சொல்லியாகணும். நான் டேட்டா மைக்ரேஷன் ஆள். பழைய சிஸ்டத்தில் இருக்கும் தகவலைப் புது சிஸ்டத்துக்கு மாற்றுவது. இந்த வேலையில் தகவல் காணாமல் போவது பெரும்பாலும் திருட்டாலோ வைரஸாலோ இல்லை. பழையதில் ஒரு காலம் இருக்கும், புதியதில் அதற்கு இடம் இருக்காது. 'இது யாருக்கும் தேவைப்படாது' என்று ஒருத்தன் முடிவு பண்ணுவான். அவ்வளவுதான். எந்த எர்ரரும் வராது. எல்லாம் பச்சை டிக்.

நானும் அப்படி ஒரு பச்சை டிக் போட்டவன். எங்க அம்மாவின் பாட்டு நோட்டுக்கு.

அம்மா கோவில்பட்டியில் ஒரு பாட்டு வாத்தியாரிடம் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் படித்தாள். மேடை ஏறவில்லை. நவராத்திரிக்கு நாலு வீடு, மார்கழியில் கோயில், அவ்வளவுதான். ஆனால் ஒரு நோட்டு இருந்தது. காக்கி அட்டை, தையல் பிரிந்து நூல் தொங்கும். சரளி வரிசையில் ஆரம்பித்து 84 பாட்டு, சுரம் போட்டு, நீல மையில். எனக்கு ஜண்டை வரிசை சொல்லிக்கொடுக்க அவள் பட்ட பாடு! ச ச ரி ரி க க என்று ஜோடி ஜோடியாகப் போகுமே, அதுதான். நான் ரெண்டையும் ஒரே மாதிரி ஒப்பிப்பேன். "ஏ ஐயா, ரெண்டாவது ச-வை அழுத்து. முதல் ச சும்மா வந்து நிக்கி, ரெண்டாவதுதான் பேசுது" என்பாள். தொடையில் ஒரு தட்டும் விழும். நான் நாலே மாசத்தில் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

மசூர்காவில் டீச்சர் என் மகளிடம், ஒன்றை விடு, மூணில் அழுத்து என்று மேஜையைத் தட்டிச் சொன்னபோது எனக்குத் தொடை வலித்தது :-)

சரி, நோட்டுக்கு வருகிறேன். 2006. அம்மாவுக்கு அறுபது வயது. என்ன கொடுக்கலாம் என்று யோசித்து, அந்த நோட்டை ஊரிலிருந்து எடுத்துவந்து முழுக்கக் கணினியில் டைப் பண்ணினேன். தமிழ் ஃபான்ட்டுக்கு அந்தக் காலத்தில் பட்ட அவஸ்தை உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு என்கோடிங்கில் அடித்தால் இன்னொன்றில் கொக்கிகொக்கியாகத் தெரியும். ரெண்டு மாசம், ராத்திரி ராத்திரி உட்கார்ந்து 84 பாட்டையும் முடித்தேன். லேசர் பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் மீனாட்சி படம். அம்மா கையில் கொடுத்தபோது அழுதாள். நானும் ஏதோ சாதித்துவிட்டதாக நினைத்தேன்.

அந்த நோட்டில் சுரங்களுக்கு மேலே பொடிப்பொடியாக ஏதேதோ இருந்தது. சில இடத்தில் நெளிநெளியான கோடு. சில இடத்தில் சாய்ந்த கீறல். நிறைய இடத்தில் மூணு புள்ளி. மேலே ஒன்று, கீழே ரெண்டு, அடுப்புக்கல் மாதிரி. பேனா கசிந்தது, பழைய நோட்டு, என்று விட்டுவிட்டேன். சில இடத்தில் சந்தேகம் வந்ததும் உண்மை. ஆனால் ஃபான்ட்டில் அது இல்லை. இல்லாததை எப்படி அடிப்பது?

சுத்தமான காப்பி வந்துவிட்டது என்பதால், ரெண்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடித்தபோது காக்கி நோட்டு பழைய பேப்பரோடு எடைக்குப் போனது. போட்டது யார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. நான்தான்.

அந்த மூணு புள்ளியை நான் மறுபடி பார்த்தது இந்த வருஷம். ஷோபின் கூம்பு தந்த ஆர்வத்தில், நம்ம சங்கீதத்தில் இப்படிக் குறி போட்டு யாராவது அச்சடித்தார்களா என்று தேடப் போனேன். கிடைத்த விடை எங்க வீட்டிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தது.

எட்டயபுரம். பாரதி பிறந்த ஊர் என்று பள்ளிக்கூடத்தில் பஸ் வைத்துக் கூட்டிப்போன ஊர். முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் காலமானதும் அங்கேதான், அவர் நினைவிடமும் இருக்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். மேல்நாட்டு வயலினை நம்ம சங்கீதத்துக்குக் கொண்டுவந்த முன்னோடி என்று சொல்லப்படுகிறவர். அவருடைய மகள்வழிப் பேரனும் சுவீகாரப் பிள்ளையுமான சுப்பராம தீட்சிதர் (1839–1906) எழுதிய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் எட்டயபுரம் வித்யா விலாசினி அச்சுக்கூடத்தில் அச்சானது. தெலுங்கு எழுத்தில், ரெண்டு பாகம், சுமார் 1,700 பக்கம். முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனைகள் மட்டும் 229. சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது பாரதி அவருக்கு இரங்கற்பா எழுதியிருக்கிறார்.

அவரை எழுதச் சொல்லி விடாமல் தூண்டியவர்களில் சென்னையைச் சேர்ந்த ஏ. எம். சின்னசாமி முதலியார் முக்கியமானவர். இவர் அரசு உத்தியோகத்தில் இருந்த கிறிஸ்தவர். 1893 வாக்கிலேயே தியாகராஜர் கீர்த்தனைகளை ஐரோப்பிய முறையில், பியானோ புத்தகத்தில் வருமே அந்த ஐந்து கோட்டில், எழுதி வெளியிட்டவர். அதாவது என் மகள் படிக்கிற எழுத்தில் தியாகராஜர்!

சுப்பராம தீட்சிதர் போன வழி வேறு. ச ரி க ம எழுத்தையே வைத்துக்கொண்டார். ஆனால் சுரத்தை மட்டும் எழுதினால் பாட்டு வராது என்று அவருக்குத் தெரியும். சுரம் எப்படி அசைகிறது, எங்கே அழுந்துகிறது, எங்கே சறுக்குகிறது என்பதற்குத் தனித்தனி அடையாளம் வைத்தார். கம்பிதத்துக்கு நெளிகோடு. ஏற்ற ஜாருவுக்கு மேல்நோக்கிச் சாய்ந்த கோடு, இறக்க ஜாருவுக்குக் கீழ்நோக்கி. நொக்கு, ரவை, கண்டிப்பு, வலி, ஒடுக்கல், ஒரிக்கை என்று வீணைக்காரர்கள் வாயில் புழங்கிய பேர்களுக்கெல்லாம் ஒவ்வொரு குறி. புத்தகம் தெலுங்கு எழுத்தில். அந்தப் பேர்களில் பாதி என் காதுக்குத் தமிழாகத்தான் கேட்கிறது. மாமூல் எழுத்துப் பெட்டியில் இந்தக் குறிகள் எல்லாம் எப்படி இருக்கும்? ஒரு சின்ன சமஸ்தானத்து அச்சுக்கூடம் அதைச் செய்தது. 'ஃபான்ட்டில் இல்லை' என்று விடவில்லை.

1961 முதல் 1983 வரை சென்னை மியூசிக் அகாதமி அதைத் தமிழில் அஞ்சு பாகமாகக் கொண்டுவந்தது. பி. ராஜம் ஐயரும் எஸ். ராமநாதனும் பதிப்பித்தார்கள். அந்தக் குறி விளக்கப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஸ்புரிதம். அதற்கு அடையாளம்: மேலே ஒன்று, கீழே ரெண்டு. அடுப்புக்கல்.

ஸ்புரிதம் என்றால் என்ன தெரியுமா? ஜண்டை வரிசைதான். ஜோடியாக வரும் சுரத்தில் ரெண்டாவதை, கீழ்ச் சுரத்தை ஒரு கணம் தொட்டு அழுத்தி எழுப்புவது. இறங்கும்போது வந்தால் அது பிரத்யாகதம், புள்ளிகள் தலைகீழாகும். 'ரெண்டாவது ச-வை அழுத்து' என்று அம்மா தொடையில் தட்டியது, காகிதத்தில் அந்த மூணு புள்ளி. அதைத்தான் நான் மை கசிந்தது என்று நினைத்துத் துடைத்துவிட்டேன். 84 பாட்டிலும்.

இந்த இடத்தில் எங்க ஊர் மகாராஜாவைச் சொல்லாமல் போக முடியாது. (பெங்களூர் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு, எங்க ஊர் என்று சொல்லலாம்தானே?) ஜே.சி. ரோட்டில் வண்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கப் போவோமே, அந்த ஜே.சி., மைசூரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் (1919–1974). அவர் நன்றாகப் பியானோ படித்தவர். நிக்கொலாய் மெட்னர் என்ற ரஷ்ய இசையமைப்பாளர் லண்டனில் கவனிப்பாரில்லாமல் இருந்தபோது, 1940களின் பிற்பகுதியில் காசு கொடுத்து அவரையே அவருடைய படைப்புகளை வாசிக்கவைத்து ரெக்கார்டு போடவைத்தார். மெட்னர் நன்றியாகத் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்தார். அதே மகாராஜா பிறகு கர்நாடக சங்கீதத்தில் 94 கீர்த்தனைகள் இயற்றினார். எழுதின தாளை மட்டும் நம்பாமல், எழுதினவரின் கையே வாசித்ததைச் சேர்த்து வைக்கணும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு 2006இல் தோன்றவில்லை. அப்போது அம்மா நன்றாகப் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு டேப் ரெக்கார்டர் போதும்.

இப்போது அம்மாவுக்கு எண்பது ஆகப்போகிறது. தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு குரல் கம்மிப்போனது. பேச்சு வரும், பாட்டு ஏறாது.

பரீட்சை முடிந்ததும் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனோம். மகள் சின்ன கீபோர்டு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பீரோவில் ஸ்பைரல் புத்தகம் இருந்தது, மீனாட்சி படம் மங்காமல். மடிப்புக்கூட விழாமல். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அம்மா அதைப் பிரித்தே பார்க்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். புள்ளி, கோடு, நான் விட்டது, எடைக்குப் போட்டது எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"தெரியும்யா" என்றாள். "நீ குடுத்த அன்னைக்கே பாத்தேன். எல்லாச் சுரமும் ஒண்ணுபோல உக்காந்திருந்துச்சு. நீ ஆசையாச் செஞ்சது, என்னத்தச் சொல்ல?"

மகள் ஸ்பைரல் புத்தகத்தைப் பிரித்து, எழுதியிருந்தபடியே ஜண்டை வரிசையை வாசித்தாள். ச ச ரி ரி க க ம ம. துல்லியமாக, ஒரே அளவில், நான் டைப் பண்ணின மாதிரியே. அம்மா தலையை ஆட்டினாள், இல்லை என்று. கட்டில் விளிம்பில் விரலால் தட்டினாள். முதல் தட்டு மெல்ல, ரெண்டாவது ஓங்கி.

மகள் ரெண்டாவதை அழுத்தி வாசித்தாள். மறுபடி தலையாட்டல். அம்மா கம்மின குரலில் ஒரே ஒரு தடவை ரி-யைச் சொல்லிக் காட்டினாள். கீழே ச-வைத் தொட்டுவிட்டு வந்தது அது. பாதி காற்றுதான். ஆனாலும் கேட்டது.

"ஆச்சி, இது கிரேஸ் நோட்!" என்று குதித்தாள் மகள். கீழ்ச் சுரத்தை ஒரு சொடுக்கில் தொட்டு அழுத்தினாள்.

"கிட்ட வந்துட்ட, ஏட்டி."

பியானோவில் அவ்வளவுதான் வரும். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் இருக்கிறது அதில் கிடையாது. ஆனால் கிட்ட வரலாம்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் உட்கார்கிறோம். மகள் வாசிக்கிறாள், ஆச்சி தட்டுகிறாள் அல்லது தலையாட்டுகிறாள், நான் ஸ்பைரல் புத்தகத்தில் பென்சிலால் குறி போடுகிறேன். இதுவரை 11 பாட்டு. சில இடத்தில் "மறந்துபோச்சுய்யா" என்கிறாள். அங்கே ஒன்றும் போடுவதில்லை. அகாதமி புத்தகத்தைப் பார்த்து ஊகித்துப் போட்டுவிடலாம்தான். ஆனால் அது வேறு யாரோ பாடினதாக ஆகிவிடும். அந்த இடங்களை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். ரெக்கார்டும் ஓடுகிறது, இந்தத் தடவை மறக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பீரோவுக்கு அடியில் இப்படி ஒரு நோட்டு இருக்கும். பாட்டு நோட்டாக இல்லாவிட்டால் சமையல் குறிப்பு, வைத்தியக் குறிப்பு, வரவு செலவுக் கணக்கு. டைப் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பண்ணுவதற்கு முன்னால் எழுதினவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்தக் கீறல் என்ன, இந்தப் புள்ளி என்ன என்று கேட்டுவிடுங்கள். முடிந்த பிறகும் நோட்டை எடைக்குப் போடாதீர்கள்.

மசூர்கா என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அந்த இடத்தில் மகள் தட்டவும் இல்லை, தேயவும் இல்லை. அழுத்திவிட்டு மெல்ல விட்டாள். பாஸ் ஆகிவிட்டாள் :-)

போன ஞாயிறு ஒரு கீர்த்தனையில் நெளிகோடு போடும்போது, எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவில்லை. மகள்தான் கேட்டாள், "சின்னதாவா ஆச்சி, பெருசாவா?" அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தாள். பிறகு கேமரா முன்னால் கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் விரித்து, இவ்வளவு, என்று காட்டினாள்.